மின்சாரம் திரும்பி வரும் அந்த மூன்று நிமிடங்கள்

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை இலங்கையில் வாழ்ந்த எவரும் இலகுவில் மறந்துவிட முடியாது. மாதத் தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏழரை மணித்தியாலமாக இருந்த மின்வெட்டு, மாத இறுதியில் 13 மணித்தியாலத்தைத் தொட்டது. எரிபொருள் வரிசை, எரிவாயு வரிசை, பால்மா வரிசை என்று நாடே வரிசையில் நின்ற காலம் அது. 1996 ஆம் ஆண்டு வரட்சியின்போது ஏற்பட்ட நீண்ட மின்வெட்டுகளைப் பற்றியும் நான் செய்தி எழுதியிருக்கிறேன். ஆனால் 2022 இல்தான் மின்வெட்டின் உண்மையான பாடத்தை எனது சொந்த வீட்டின் சமையலறையில் கற்றுக்கொண்டேன்.

அந்நாட்களில் கல்முனையில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி திடீரென நின்றுபோனது. அதற்குள் இருந்த மீனையும் இறைச்சியையும் பற்றி எனக்குக் கவலையில்லை. எனது ராத்தாவின் இன்சுலின் மருந்தும் அதற்குள்தான் இருந்தது. திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் வைத்திருக்க வேண்டும். மருந்துக்கே தட்டுப்பாடு நிலவிய காலத்தில், கையில் இருந்த இரண்டு மாத மருந்தும் கெட்டுப்போனால் வேறு எங்கே போவது? அன்றிரவு அதை ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்துவிட்டு, விடியும்வரை பலமுறை எழுந்து துணி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாளிகைக்காட்டிலிருந்து ஒரு பழுதுபார்ப்பவர் வந்தார். பெட்டியின் பின்புறத்தைக் கழற்றினார், கம்பிரசரைச் சோதித்தார், உதட்டைப் பிதுக்கினார். "இந்த மின்வெட்டு எங்களை நாசமாக்கிப் போட்டுது" என்று நான் புலம்பினேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "சேர், கரண்டு போறதால பிரிட்ஜ் பழுதாகுறல்ல. போய் வாறதாலதான் பழுதாகுது."

நாற்பது வருடங்களாகச் செய்திக்குத் தலைப்பு வைத்துப் பழகியவன் நான். இவ்வளவு துல்லியமான ஒரு தலைப்பை எந்த ஆசிரிய பீடத்திலும் நான் கேட்டதில்லை.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். குளிர்சாதனப் பெட்டியானாலும் ஏ.சி. எனப்படும் வளிச்சீராக்கியானாலும் அதன் இதயம் கம்பிரசர். அது வாயுவை அழுத்தி ஒரு பக்கத்தில் உயர் அமுக்கத்தையும் மறுபக்கத்தில் தாழ் அமுக்கத்தையும் உண்டாக்குகிறது. மின்சாரம் நின்றதும் கம்பிரசர் நிற்கும், ஆனால் அமுக்க வேறுபாடு உடனே மறைவதில்லை. மெல்லிய குழாய் வழியாக வாயு மெதுவாக நகர்ந்து இரு பக்கமும் சமமாவதற்குச் சில நிமிடங்கள் தேவை. அதற்கிடையில் மின்சாரம் திரும்பி வந்துவிட்டால், உயர் அமுக்கத்தை எதிர்த்துக்கொண்டு மோட்டார் சுழல முயற்சிக்கும், முடியாமல் முக்கும். அந்த நிலையில் அது இழுக்கும் மின்னோட்டம் வழமையைப் போல் ஐந்து, ஆறு மடங்கு. சுருள் சூடாகும், பாதுகாப்புக்காக வைக்கப்பட்டிருக்கும் 'ஓவர்லோட்' துண்டிக்கும், சூடு ஆறியதும் மறுபடி இணைக்கும். பெட்டியின் பின்னால் 'டிக்... டிக்...' என்று கேட்கும் ஒலி இதுதான். சில தடவைகள் இப்படி நடந்தால் கம்பிரசர் தாங்கிக்கொள்ளும். மின்வெட்டுக் காலத்தில் மின்சாரம் வந்து, போய், மறுபடி வந்து விளையாடும்போது அது எவ்வளவு காலம்தான் தாங்கும்?

இதற்கு மருந்து இருக்கிறது. அதன் பெயர் றிலே.

பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் அஞ்சலோட்டம் என்று நாம் அழைக்கும் அதே ஆங்கிலச் சொல்தான் இதுவும். களைத்த குதிரையை விட்டுப் புதிய குதிரையில் தபால் கொண்டுசென்ற காலத்திலிருந்து வந்த சொல் அது. 1835 அளவில் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி உருவாக்கிய இந்தச் சாதனம், பின்னர் தந்தியில் பயன்பட்டது. தூரம் செல்லச் செல்லப் பலவீனமடையும் சமிக்ஞை, வழியில் ஒரு மின்காந்தத்தை மட்டும் இயக்கும். அந்த மின்காந்தம் இன்னொரு சுற்றை மூடும். புதிய பற்றரியின் வலுவுடன் செய்தி மேலே செல்லும். பத்திரிகைத் தொழில் வளர்ந்ததே தந்தியால்தான் என்பதால், எனது தொழிலுக்கும் றிலேக்கும் பழைய உறவு உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் பகுதி வயற்காரருக்கு விளக்குவதென்றால் இன்னும் எளிது. சேனநாயக்க சமுத்திரத்தின் மடையைத் திறக்கும் மனிதர் தண்ணீரைத் தூக்கி வயலுக்குக் கொண்டுவருவதில்லை. சக்கரம் ஒன்றைத் திருப்புகிறார். வாய்க்கால் நிறையத் தண்ணீர் சம்மாந்துறை வரை வருகிறது. றிலேயும் அப்படித்தான். 5 வோல்ட்டில் 70 மில்லி அம்பியர் அளவுள்ள சொற்ப மின்னோட்டம் உள்ளேயிருக்கும் சுருளைக் காந்தமாக்குகிறது; அந்தக் காந்தம் ஒரு தகட்டை இழுத்து 230 வோல்ட் மின்சாரத்துக்கு வழி திறக்கிறது. சிறிய கை, பெரிய மடை.

இந்த றிலேயுடன் ஒரு நேரக்கணிப்பைச் சேர்த்துவிட்டால், மின்சாரம் திரும்பி வந்தவுடன் அது உடனே வழிவிடாது. மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ பொறுத்திருந்து, அதன் பின்னரே கம்பிரசருக்கு மின்சாரத்தைக் கொடுக்கும். கூடவே மின்னழுத்தத்தையும் கண்காணித்து, அளவுக்கு மீறிக் கூடினாலோ குறைந்தாலோ துண்டித்துவிடும். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டிலிருந்து 6 வீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது விதி. அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வோல்ட் வரை. ஆனால் மாலை ஏழு மணிக்கு, ட்ரான்ஸ்போமரிலிருந்து தொலைவில் இருக்கும் வீட்டின் மின்குமிழ் மங்கும்போது, விதி என்ன சொல்கிறது என்று கம்பிரசரிடம் வாதாட முடியாது. எங்கள் கடைகளில் 'பிரிட்ஜ் கார்ட்' என்ற பெயரில் விற்கப்படும் பெட்டிக்குள் இருப்பது இதுதான். புதிய கம்பிரசரின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பம்.

அன்று தொடக்கம் எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி இருக்கிறது. இத்துடன் கதை முடிந்திருந்தால் இக்கட்டுரையை நான் எழுதியிருக்கத் தேவையில்லை. றிலே இல்லாததால் ஏற்பட்ட கேடு ஒன்று. பொருத்தமற்ற றிலேயால் ஏற்பட்ட கேடு இன்னொன்று. இரண்டாவதைத்தான் இப்போது நாம் அதிகம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

மருதமுனை முதல் நிந்தவூர் வரை எங்கள் கரையோர ஊர்கள் எவ்வளவு நெருக்கமானவை என்பது வெளியூர் வாசகர்களுக்குத் தெரியாதிருக்கலாம். ஒரு வீட்டின் சுவரும் அடுத்த வீட்டின் சுவரும் முட்டிக்கொண்டு நிற்கும். கிடுகும் ஓடும் வேய்ந்த வீடுகளின் இடத்தில் இன்று கொங்கிறீட் தட்டுகளும் தகரக் கூரைகளும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும். மத்திய கிழக்கில் உழைக்கும் பிள்ளை முதலில் வாங்கிக் கொடுப்பது உம்மாவின் அறைக்கு ஒரு ஏ.சி. ஒரு காலத்தில் ஆடம்பரமாக இருந்தது இன்று வயோதிபருக்கும் நோயாளிக்கும் அத்தியாவசியமாகிவிட்டது. ஆனால் 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் அடுத்தடுத்துப் பாய்ந்த பின்னர், அந்த ஏ.சி.யை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதே ஒவ்வொரு வீட்டிலும் விவாதமாயிற்று. பின்னர் கட்டணம் இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. அந்தப் பயம் மட்டும் இறங்கவில்லை.

இந்தச் சூழலில்தான் எனது மருமகன் ஒருவன், ராத்தாவின் அறையிலுள்ள ஏ.சி.யைக் கைப்பேசியால் நிறுத்தவும் இயக்கவும் ஒரு கருவி செய்தான். இணையத்தில் வாங்கிய ஒரு சிறு மின்னணுப் பலகை, அதனுடன் தீப்பெட்டியிலும் சிறிய நீலநிறப் பெட்டி ஒன்று. அந்த நீலப் பெட்டிதான் றிலே. "மாமா, பாருங்க" என்று கைப்பேசியைத் தட்டினான், அறையில் ஏ.சி. நின்றது. மறுபடி தட்டினான், இயங்கியது. மின்சாரம் மீண்டால் தானாகவே இயங்கத் தொடங்கும் வகை ஏ.சி. அது. எனக்கு உண்மையில் பெருமையாக இருந்தது. நள்ளிரவுக்குப் பின் தானாக நிற்குமாறு நேரமும் குறித்துக் கொடுத்தான். இரண்டு மாதம் மின்பட்டியலும் குறைந்தது.

மூன்றாவது மாதம் அக்கரைப்பற்றில் ஒரு கலியாணத்துக்காகக் குடும்பத்துடன் சென்று இரண்டு இரவுகள் தங்கினோம். கைப்பேசியில் பார்த்தால் 'ஓஃப்' என்று இருந்தது. திரும்பி வந்து வீட்டைத் திறந்தபோது, ஆளில்லாத அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. கருவியைப் பொருத்தியிருந்த பிளாஸ்ரிக் பெட்டி ஒரு மூலையில் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. அறை முழுவதும் அந்த நாற்றம். இன்னும் ஓர் இரவு தங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க இப்போதும் மனம் விரும்பவில்லை. சுவரும் சுவரும் முட்டும் ஊரில் ஒரு வீட்டுத் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

நடந்தது என்ன? அந்த நீலப் பெட்டியின் மேல் '10 அம்பியர், 250 வோல்ட்' என்று அச்சிடப்பட்டிருக்கிறது. ஒரு தொன் ஏ.சி. ஓடும்போது ஏறத்தாழ 5 அம்பியர்தான் எடுக்கும். பத்தில் ஐந்து, தாராளமாகப் போதும் என்பது மருமகனின் கணக்கு. கணக்கு சரி, ஆனால் அந்தப் பத்து எந்தப் பத்து என்பதுதான் கேள்வி. அது மின்குமிழ், இஸ்திரிப்பெட்டி போன்று வெறுமனே சூடாகும் பொருட்களுக்கான பத்து. மோட்டாருக்கான அளவு அதைவிட மிகக் குறைவு. கம்பிரசர் புறப்படும் கணத்தில் 5 அம்பியர் 25 ஆகவும் 30 ஆகவும் உயர்கிறது. அதே கணத்தில் றிலேயின் இரு தொடுமுனைகளும் ஒன்றோடொன்று மோதி, பந்து துள்ளுவதுபோல் சில தடவை துள்ளுகின்றன. ஒவ்வொரு துள்ளலிலும் ஒரு தீப்பொறி. ஒவ்வொரு பொறியிலும் உலோகம் சிறிது உருகுகிறது. ஒருநாள் அவை உருகி ஒட்டிக்கொள்கின்றன. அதன் பிறகு கைப்பேசியில் ஆயிரம் தடவை தட்டினாலும் அவை பிரிவதில்லை. கைப்பேசிக்குத் தெரிந்ததெல்லாம் தான் அனுப்பிய கட்டளை மட்டுமே, ஏ.சி. நின்றதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. எங்கள் கடற்காற்றின் உப்பும் ஈரமும் இணைப்புகளை அரித்து, சூட்டை மேலும் கூட்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே" என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். ட்ரிப் சுவிட்ச் மின்கசிவைக் கண்டு துண்டிக்கும், மனித உயிரைக் காக்கும். அது கட்டாயம் வேண்டும். ஆனால் ஒட்டிக்கொண்ட றிலேயில் மின்கசிவு இல்லை. தளர்ந்த திருகாணியில் உருவாகும் சூட்டிலும் இல்லை. 5 அம்பியர்தான் ஓடுகிறது என்பதால் மேலதிகச் சுமைக்குத் துண்டிக்கும் பிரேக்கரும் அசையாது. எந்தக் காவலாளியும் கவனிக்காத திருட்டு இது.

சரியான வழி கடினமானதல்ல. சிறிய றிலே நேரடியாக ஏ.சி.யைத் தொடக்கூடாது. அது 'கொன்டாக்டர்' எனப்படும் பெரிய றிலேயின் சுருளை மட்டும் இயக்க வேண்டும். மோட்டார்ச் சுமைக்கென அளவிடப்பட்ட அந்தக் கொன்டாக்டரே ஏ.சி.யின் மின்சாரத்தைச் சுமக்க வேண்டும். (இச்சொல்லை முதலில் கேட்டபோது பஸ் நடத்துநரைச் சொல்கிறார்களோ என்று நான் குழம்பியது உண்மை.) நிறுத்தியபின் மூன்று நிமிடமாவது கழியாமல் மீண்டும் இயங்க விடக்கூடாது. இன்வேர்ட்டர் வகை ஏ.சி.யாயின் பிரதான மின்சாரத்தை றிலேயால் துண்டிப்பதே தவறு. அதன் தொலைக்கட்டுப்பாட்டுச் சமிக்ஞையை அனுப்பும் கருவியைக் கொண்டு, அது தன் முறைப்படி நிற்க இடம்கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் தீப்பிடிக்காத, மூடிய பெட்டிக்குள், தகைமை பெற்ற மின்னியலாளர் பொருத்த வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது இருப்பது அப்படியான ஒன்றுதான். அதைச் செய்ததும் அதே மருமகன்தான், ஒரு மின்னியலாளரின் மேற்பார்வையில்.

நான் மருமகனைக் கோபிக்கவில்லை. அவனைப் போன்ற நூற்றுக்கணக்கான இளைஞர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் திறமை இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது. அந்தப் பத்து எந்தப் பத்து என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. விற்பவருக்கும் தெரியாது, பொதியில் தமிழில் ஒரு வரியும் இல்லை.

இது ஒரு வீட்டின் பிரச்சினை மட்டுமல்ல. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததே காரணம் என்று அமைச்சர் சொல்ல, உலகமே சிரித்தது. சிரிப்புக்கு அப்பால் யோசிக்க வேண்டியது, மின்சாரம் மீண்டபோது நடப்பதைத்தான். பல மணித்தியாலம் சூடேறிக் கிடந்த அத்தனை குளிர்சாதனப் பெட்டிகளும் ஏ.சி.களும் ஒரே நொடியில் விழித்து, ஒரே நொடியில் ஐந்து மடங்கு மின்சாரம் கேட்கின்றன. மின்னழுத்தம் சரிகிறது, கம்பிரசர்கள் முக்குகின்றன, சில வேளை மீண்டும் இருள். ஒவ்வொரு வீட்டிலும் தாமதப்படுத்தும் றிலே இருந்தால், அந்த நெரிசல் தவிர்க்கப்படும். எல்லா றிலேயும் சரியாக மூன்றாவது நிமிடத்தில் திறந்தால் நெரிசல் மூன்று நிமிடம் தள்ளிப்போகுமே தவிரக் குறையாது. ஆகவே மூன்றுக்கும் எட்டுக்கும் இடையில் வீட்டுக்கு வீடு வேறுபடுவது நல்லது. எனது கம்பிரசரைக் காக்கும் அதே பொறுமை எனது தெருவின் ட்ரான்ஸ்போமரையும் காக்கிறது.

பிற நாடுகள் இதை எப்போதோ உணர்ந்துவிட்டன. நியூசிலாந்தில் 1950களிலிருந்தே மின்கம்பி வழியாகச் சமிக்ஞை அனுப்பி, வீடுகளின் வெந்நீர்த் தாங்கிகளை றிலேயால் நிறுத்தி உச்சநேரச் சுமையைக் குறைத்து வருகிறார்கள். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், சம்மதித்த வீடுகளின் ஏ.சி. திறனை மிக அவசியமான நேரங்களில் குறைக்கும் திட்டம் இருக்கிறது. சேர்ந்தவர்களுக்குப் பணச்சலுகை உண்டு. அங்கே ஏ.சி.யை முற்றாக நிறுத்துவதில்லை, மெதுவாக ஓட விடுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கோ 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, கூரைச் சூரியக்கலங்களை நிறுத்தி வையுங்கள் என்று மக்களிடம் கேட்கும் நிலை வந்தது. பகலில் மிதமிஞ்சிய மின்சாரம், மாலை 6.30 முதல் 10.30 வரை தட்டுப்பாடு. பகலில் அறையைக் குளிர்வித்து வைத்து, உச்சநேரத்தில் ஏ.சி.யைத் தணிக்கும் ஒழுங்குமுறையைச் சரியான றிலேக்கள் செய்யும். அதற்கு ஈடாகக் கட்டணச் சலுகை கேட்க எமக்கும் உரிமை உண்டு.

ஒரு கேள்வி எழலாம். மின்சாரம் போனதும் சுவிட்சை நிறுத்திவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்துக் கையாலேயே போட்டால் போதாதா? போதும். காசு செலவில்லாத றிலே மனிதனின் கைதான். வசதியில்லாதவர்கள் இன்றிலிருந்தே அதைச் செய்யலாம். ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போய் வரும்போது, தனியே உறங்கும் எழுபது வயது உம்மா எழுந்து சுவிட்சைத் தேட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா?

ஆகவே நான் கேட்பது மூன்று விடயங்கள். முதலாவது, மின்கட்டணத்தை அங்கீகரிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, குளிர்சாதனப் பெட்டியும் ஏ.சி.யும் விற்கும் ஒவ்வொரு கடையும் தாமத றிலேயையும் சேர்த்தே விற்க வழிசெய்ய வேண்டும். அதன் மேல் மோட்டார்ச் சுமைக்கான அளவு மும்மொழியிலும் இருக்க வேண்டும். இரண்டாவது, சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரியும் அம்பாறை ஹார்டி நிறுவனமும் இவ்விளைஞர்களுக்காக வார இறுதியில் ஒரு குறுகிய பாடநெறியை நடத்தலாம். மூன்றாவது, எங்கள் பள்ளிவாசல் நிருவாகங்கள். எத்தனையோ பள்ளிவாசல்களில் பல தொன் ஏ.சி.கள் இயங்குகின்றன, முதலில் அவற்றின் இணைப்புகளைச் சோதித்து ஊருக்கு முன்மாதிரி காட்டலாம்.

கடல் கடந்து வாழும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. தோஹாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உம்மாவுக்கு ஏ.சி. வாங்கப் பணம் அனுப்பும்போது, அதன் காவலுக்கும் சிறிது சேர்த்து அனுப்புங்கள். கனடாவிலிருந்து கருவியையே அனுப்புவோர், அங்குள்ள 120 வோல்ட் கருவி இங்குள்ள 230 வோல்ட்டுக்கு உதவாது என்பதை மறக்க வேண்டாம்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நேற்று இஷாத் தொழுகைக்குப் பின்னரும் மின்சாரம் போய் வந்தது. தெரு முழுவதும் விளக்குகள் எரிந்தன. எங்கள் சமையலறையில் மட்டும் ஒரு சிறு சிவப்பு விளக்கு பொறுத்திருந்தது. "இன்னும் வரல்லையா?" என்று ராத்தா அறையிலிருந்து கேட்டார். "வந்திட்டு ராத்தா, கொஞ்சம் சபூர் செய்யுங்க" என்றேன். மூன்று நிமிடம் கழிந்தது. 'டக்' என்று ஓர் ஒலி; பச்சை விளக்கு எரிந்தது; பெட்டி அமைதியாக ஓடத் தொடங்கியது. உள்ளே ராத்தாவின் மருந்து பத்திரமாக இருந்தது.